ஒன்பது தவணை

தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்கவில்லை.
பதிவுத் தபால். கையெழுத்து வைக்கப்
பேனையும் அவரே தந்தார்.
திருப்பிக் கொடுக்க மறந்துபோனேன்.
அதையும் கடனில் சேருங்கோ.

கச்சான் உடைக்கிற மெசினுக்கு எடுத்த காசு,
பன்னிரண்டு லட்சம்.
காணியும் வீடும் ஈடு.
முதல் போகம் மெசின் ராவும் பகலும் ஓடியது.
இருபத்தெட்டாயிரத்து நானூறு
மாதம் பிறக்க முன்னம் போய்ச் சேர்ந்தது.
அடுத்த மாரி விசுவமடுவில் விடவில்லை.
கச்சான் மண்ணுக்குள்ளேயே முளைத்தது.
உடைக்க ஒன்றுமில்லாத மெசினில்
இப்போது கோழிகள் ஏறிப் படுக்கின்றன.

கிளிநொச்சி வங்கிக்குள் நல்ல குளிர்.
யசோதினி மிஸ்ஸுக்கு என் மூத்தவளின் வயதிருக்கும்.
கதிரையைக் காட்டினாள்.
கல்குலேட்டரை என் பக்கமாகத் திருப்பி வைத்து
"வழி இருக்கம்மா" என்றாள்.

தவணையை நீட்டலாம்.
மிச்சமுள்ள மூன்று வருடத்தை எட்டாக்கினால்
மாதக்காசு குறையும், மொத்தம் கூடும்.
"எனக்கு அப்ப அறுபது" என்றேன்.
அவள் அதைக் கல்குலேட்டரில் அடிக்கவில்லை.

ஆறு மாதம் வட்டி மட்டும் கட்டலாம்.
வட்டி மட்டும் கட்டுவது
கிணற்றில் வாளியை நனைத்து
நனைத்த வாளியை மேலே எடுப்பது.
ஆனாலும் ஆறு மாதம் ஆறு மாதம்தான்.
தை வரும்.

"ஏலத்துக்குப் போக முன்னம் நீங்களே வில்லுங்கோ.
ஏலத்தில் அரை விலைதான் போகும்.
நீங்கள் வித்தால் கடன் கழிய
மிச்சம் வரும்."
மிச்சம் என்ற சொல்லை அவள்
சூடான தேத்தண்ணி மாதிரிப் பார்த்துப் பார்த்து வைத்தாள்.
மிச்சத்துக்குள் பாய் விரிக்கலாமோ என்று
நான் கேட்கவில்லை.

"வெளியில ஆரும்?"
"தம்பி சூரிச்சில்."
"கேட்டுப் பாக்கலாமே?"
"அவனுக்கும் வீட்டுக்கடன், பிள்ளை."
இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.
வாசல் காவலாளி திரும்பிப் பார்த்தான்.

பிறகு நான் ஒரு வழி கேட்டேன்.
"வீட்டைக் கழட்டிக்கொண்டு போகலாமோ?"

"என்னம்மா?"

இரண்டாயிரத்து எட்டு முடிய நாங்கள் கழற்றினோம்.
நாற்பத்திரண்டு தகரம், நான்கு யன்னல், ஒரு முன்கதவு.
லாண்ட்மாஸ்டர் பெட்டியில் அடியில் தகரம்,
மேலே கதவு, கதவுக்கு மேலே பிள்ளைகள்.
நின்ற இடங்களில் எல்லாம் தகரம் வீடானது.
கதவைப் பதுங்குகுழிக்கு மேல் போட்டோம்.
திரும்பி வந்தபோது பிள்ளைகள் இருந்தார்கள்.
கதவு இல்லை.
எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான், மிஸ்.

அவள் ஈட்டு உறுதியைப் புரட்டினாள்.
நாலாம் பக்கத்தில் விரல் நின்றது.
"கதவு, யன்னல், கூரை
எல்லாம் இதுக்குள்ள அடக்கம் அம்மா."
பேனையை மூடினாள். திறந்தாள். மூடினாள்.
"நாங்கள் இருபத்தாறு தகரம்" என்றாள்.

அதன் பிறகு இருவரும் கணக்குக்குத் திரும்பினோம்.
மெசினை விற்று நிலுவையில் பாதி.
முன்னறையை வாடகைக்கு விட்டால் வட்டி.
மீதிக்கு ஆறு மாதம் தவணை கேட்டு
மூன்று பிரதியில் விண்ணப்பம்.
மேலிடம் ஓம் என்றால்தான் ஓம்.
இல்லையென்றால் இருபத்தொராம் திகதி
அந்தக் கடிதம் சொன்னதுதான்.
தபால்காரரின் பேனையால் ஒப்பமிட்டேன்.

வீடு வந்து சேர மைம்மல்.
குணராசா படலையிலேயே நின்றார்.
எல்லாம் சொன்னேன், முன்னறையையும் சொன்னேன்.
கேட்டுக்கொண்டே போய்
மெசினின் மேல் கையை வைத்தார்.
ஒரு பேடு கொக்கரித்து இடம் மாறியது.

"இதை ஏத்திக்கொண்டு போனால்
உதுகளை எங்க அடைக்கிறது?"

அதற்கு வங்கி ஒரு வழியும் சொல்லவில்லை.